நெஞ்சின் சுவர்

கியா பார்ம்
கேமரன் மலை
18 பிப்ரவரி 2024

தம்பி புவனேஸ்,

நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். பண்ணைத் துளசியின் போனிலிருந்து அழைத்துப் பார்த்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். இதைக் கிழித்துப் போட்டாலும் அதற்குள் நாலு வரியாவது உன் கண்ணில் பட்டுவிடும்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது உன் காற்பந்து பூட்ஸைத் தூக்கி ஓடையில் எறிந்தேன். தேயிலைத் தோட்ட லயத்து ஆட்கள் எல்லோரும் பார்க்க அப்படிச் செய்தது தப்புதான். ஆனால் உர மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நீ வாசலில் உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

நேற்று பண்ணையில் ஸ்ட்ராபெரி அடுக்கிக்கொண்டிருந்தோம். உன் கல்லூரியின் இணையப் பக்கத்தில் வந்திருந்த வீடியோவைத் துளசி காட்டினாள். தோளில் இரும்புத் தண்டு, இரண்டு பக்கமும் தட்டுத் தட்டாகப் பளு. உன் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. “பாருக்கா, தம்பி பெரிய ஆளாயிட்டான்லா” என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

நம் குகன் தோட்டத்துத் திடலில் விழுந்து இறந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. உன் அண்ணனின் வயதை நீ இப்போது தாண்டிவிட்டாய். அந்த வருஷம் போனால் எனக்குப் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

படிக்கத்தானே உன்னை ஈப்போவுக்கு அனுப்பினோம்? காற்பந்தை விட்டுவிடு. அது முடியாவிட்டால் அந்த இரும்பையாவது விட்டுவிடு.

அக்கா
திலகம்


ஈப்போ
27 பிப்ரவரி 2024

அக்கா,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. நீ தொடர்ந்து எழுது, நானும் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் தடுத்து வைத்தேன்.

நாங்கள் கண்டபடி பளு தூக்குவதில்லை. எங்கள் பயிற்சியாளர் பக்கிரிசாமி சார் ஒவ்வொரு வாரத்துக்கும் திட்டம் போட்டுத்தான் செய்ய வைக்கிறார். ஆரம்பத்தில் வெறும் தண்டு மட்டும்தான். முதுகு வளையாமல் உட்கார்ந்து எழத் தெரிந்த பிறகுதான் தட்டு மாட்ட விடுவார். பளு கூடும்போது எத்தனை தடவை தூக்குகிறோம் என்பதைக் குறைத்துவிடுவார். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் இறக்கிவிடுவார். “ஒடம்பு ஆறும்போதுதான்டா பலமே ஏறும்” என்பார். யாராவது திட்டத்துக்கு மேலே தூக்கினால் அன்றைக்கு அவனை வெளியே உட்கார வைத்துவிடுவார்.

பலன் தெரிகிறது அக்கா. முன்பெல்லாம் தோளோடு தோள் இடித்தால் நான்தான் விழுவேன். இப்போது எதிரில் வருகிறவன் விழுகிறான். போன வருஷம் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தில் கால் இழுக்கும், இப்போது அப்போதும் ஓட முடிகிறது. மே மாதம் கல்லூரிப் போட்டிக்கு ஒரு கிளப்பிலிருந்து ஆள் பார்க்க வருகிறார்கள். சார் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

குகன் அண்ணன் வெயிலில் வெறும் வயிற்றோடு விளையாடினான். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அம்மா கண்ணேறு என்றாள். அதற்கும் எனக்கும் என்ன இருக்கிறது?

பூட்ஸ் புதிது வாங்கிக்கொண்டேன்.

புவனேஸ்


கியா பார்ம்
9 மார்ச் 2024

புவனேஸ்,

வெயில் என்றா எழுதியிருக்கிறாய்? கேமரன் மலையில் என்றைக்கடா அப்படி வெயில் அடித்திருக்கிறது? அன்று காலையில் மூடுபனி இறங்கி, கோல் கம்பமே சரியாகத் தெரியவில்லை. உனக்கு வயது பதினைந்து, கம்பத்துக்குப் பின்னால் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தாய். நான் ஓரத்தில் நின்றிருந்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன். யாருமே அவனை இடிக்கவில்லை. பந்தைத் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே முகம் குப்புற விழுந்தான். கையை ஊன்றக்கூட இல்லை. விழுகிறவன் கையை ஊன்றுவான் புவனேஸ். அவன் தரைக்கு வருவதற்கு முன்னாலேயே போய்விட்டான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தின வாரம் தோட்டத்து மேட்டில் என்னோடு ஏறி வந்துகொண்டிருந்தவன் நடுவில் உட்கார்ந்துவிட்டான். “அக்கா, கண்ணு இருட்டுது, இரு” என்றான். “ராத்திரியெல்லாம் போன் பாத்தா இருட்டத்தான் செய்யும்” என்று நான் சிரித்தேன்.

உனக்கு எப்போதாவது கண் இருட்டியிருக்கிறதா? அதற்கு மட்டும் பதில் எழுது. மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

திலகம்


ஈப்போ
30 மார்ச் 2024

அக்கா,

பதில் எழுத நாளாகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது. முந்தின நாள் எனக்குக் காய்ச்சல். காலையில் பசியாறவும் இல்லை. அன்றைக்குத் திட்டத்திலேயே கனமான நாள். கடைசித் தடவை உட்கார்ந்து எழும்போது மூச்சை அடக்கியிருந்தேன். தண்டைத் தாங்கியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். விளக்கை அணைத்ததுபோல் இருந்தது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நண்பன் ஒருவன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். சார் அப்போது வெளியே திடலில் இருந்தார். “சார்ட்ட சொல்லாதடா, கால் தடுக்குனதுன்னு சொல்லு” என்றேன். அவனும் அப்படியே சொல்லிவிட்டான்.

நான் கையை ஊன்றினேனா என்று அவனிடம் கேட்டேன். பைத்தியம் மாதிரிப் பார்த்தான். தெரியவில்லை என்றான்.

ஜனவரியில் சார் எங்களை வரிசையாக உட்கார வைத்து, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். நான் கையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்.

இது காய்ச்சலால்தான் வந்திருக்கும். அப்படித்தான் இருக்கும். யாரிடமும் சொல்லாதே, அம்மாவிடமும் சாரிடமும் சொல்லவே கூடாது. மே மாதம் வரைக்கும் போதும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

புவனேஸ்


கியா பார்ம்
4 ஏப்ரல் 2024

தம்பி,

உன் கடிதம் கிடைத்த பத்தாவது நிமிஷம் கல்லூரிக்கு அழைத்து, பக்கிரிசாமி சாரைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குகனைப் பற்றியும் சொன்னேன். அவர் குகனுக்கு அப்போது என்ன வயது என்று மட்டும் கேட்டார். பிறகு, “நீங்க வைங்கம்மா, நான் இப்பவே அவன்கிட்ட போறேன்” என்றார்.

என்னோடு இனிமேல் பேசாவிட்டாலும் போகட்டும். நீ உயிரோடு இருந்து பேசாமல் இரு.

திலகம்


ஈப்போ
21 ஏப்ரல் 2024

அக்கா,

இரண்டு வாரம் உன்மேல் கொலைவெறியில் இருந்தேன். அதனால்தான் எழுதவில்லை. இப்போது அந்தக் கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

அன்றைக்கே சார் என்னைத் தன் காடியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். வழியில் ஒரு வார்த்தை திட்டவில்லை. தெரிந்த ஊரிலேயே காடியை இரண்டு தடவை தப்பான தெருவில் திருப்பினார். பக்கிரிசாமி சார் எதற்காவது பதறுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

நெஞ்சில் பசை மாதிரி ஒன்றைத் தடவி, திரையில் இதயத்தைக் காட்டினார்கள். டாக்டர் அம்மா அதே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார். இதயத்தின் சுவர் இருக்க வேண்டியதைவிடத் தடித்திருக்கிறதாம். நானும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கடுமையா பயிற்சி செய்யறவங்க நெஞ்சுச் சுவர் கொஞ்சம் தடிக்கும், அது நோயில்ல. ஆனா பரம்பரையா வர்ற ஒரு நோயிலயும் இதே மாதிரி தடிக்கும். அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆளைச் சாய்ச்சிடும். உங்களோடது ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. மூணு மாசம் எல்லாத்தையும் நிறுத்துங்க. பயிற்சியால தடிச்சதா இருந்தா இறங்கிடும்.” இறங்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

போட்டிக்கு என் இடத்தில் வேறு ஒருவனைப் போட்டாகிவிட்டது. ராத்திரியில் இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது. வலப்பக்கம் திரும்பினால் கேட்கவில்லை, நின்றுவிட்டதோ என்று மறுபடியும் இடப்பக்கம் திரும்புகிறேன்.

இன்னொன்று. ஒரே இரத்தம் என்பதால் நீயும் அம்மாவும்கூடப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். போய்ப் பார்.

உன் எண்ணைத் தடுத்ததை எடுத்துவிட்டேன். ஆனால் உடனே அழைக்காதே. என் குரல் சரியாக இல்லை.

புவனேஸ்


கியா பார்ம்
12 மே 2024

அன்புத் தம்பி,

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? தேயிலை வெட்டிவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, “எவன் வயிறெரிஞ்சானோ” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அப்புறம் மெதுவாக, “அது என் ரத்தத்துலேருந்து வந்ததா, அவரு ரத்தத்துலேருந்து வந்ததா?” என்று கேட்டாள். டாக்டரிடம் போனால் தெரியும் என்றேன். “அப்ப நான் வரல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவள் பயம் எனக்குப் புரிகிறது. பெற்ற பிள்ளைக்குத் தானே அதைக் கொடுத்தோம் என்று எந்தத் தாய் தெரிந்துகொள்ள விரும்புவாள்?

நம் அப்பா ரிங்லெட் வளைவில் லோரியோடு பள்ளத்தில் விழுந்து இறந்ததைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். ஆனால் பின்னால் வந்தவர் ஒருவர் அப்போதே சொன்னார், “லோரி திரும்பவே இல்லம்மா, நேரா போச்சு” என்று. அப்பா அந்தப் பாதையில் எத்தனை ஆயிரம் தடவை திரும்பியிருப்பார்!

நான் இன்னும் போகவில்லை. பள்ளி விடுமுறை வரப்போகிறது, பண்ணையில் ஒரே வேலை. முதலாளி தவுக்கே லீவு கொடுக்கமாட்டார். அடுத்த மாதம் பார்க்கலாம். நீ நன்றாகச் சாப்பிடு, ஓடாதே, படி ஏறும்போது மெதுவாக ஏறு.

திலகம்


ஈப்போ
2 ஜூன் 2024

அக்கா,

உன் தவுக்கேயை எனக்குத் தெரியும். துளசி அக்காவுக்குப் பல்வலி என்றதும் இரண்டு நாள் லீவு கொடுத்த மனிதர்.

துளசி அக்கா எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். நீ ஏப்ரலில் பண்ணைப் படியில் மயங்கி விழுந்தாயாம். அதற்கு முன்னாலும் ஒரு தடவை விழுந்தாயாம். “வெறும் வயிறு” என்று சொன்னாயாம்.

குகன் அண்ணன் போனதற்கும் வெறும் வயிறு என்று எனக்கே சொல்லித்தந்தவர்கள்தானே நீங்கள் எல்லோரும்?

சாரை விட்டு என்னை இழுத்துப்போய்ப் பரிசோதனைக்குப் படுக்க வைத்தாயே அக்கா. நான் அழைத்தபோதெல்லாம் நீ பண்ணையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினாய். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வா. நீ வராவிட்டால் நான் வருவேன், மலைமேல் நடந்தே வருவேன், டாக்டர் வேண்டாம் என்றாலும் ஓடியே வருவேன். அப்போது என்ன ஆனாலும் அது உன் பொறுப்பு.

இப்படி எழுதுவது கேவலம்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

புவனேஸ்


ஈப்போ, மருத்துவமனை
11 ஆகஸ்ட் 2024

தம்பி,

நீ இப்போதுதான் என்னைப் பார்த்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பிப் போனாய். எதிரில் இருந்தபோது நாம் இருவரும் ஆரஞ்சுப் பழத்தைப் பற்றி மட்டும் பேசினோம். அதனால் எழுதுகிறேன்.

உன் நெஞ்சுச் சுவர் இறங்கிவிட்டது என்று ஜூலையில் நீ சொன்ன அன்று நான் பண்ணைக் கழிப்பறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஜூனில் நீ மிரட்டி வரவழைத்துப் பெயர் பதிந்தாயே, எனக்கு அடுத்த வாரம்தான் முறை வந்தது; என்னைப் பார்த்த டாக்டர் திரும்ப அளக்கவே இல்லை. பார்த்ததும் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா கடைசியில் தானாகவே வந்தாளே, அவளுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். “அப்ப அவரு அந்த லோரிய ஓட்டவே இல்ல” என்றாள். அப்பா இறந்ததிலிருந்து அவர் குடித்திருப்பாரோ என்று மனதுக்குள் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தாளாம். அதை நம்மிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நாளைக் காலையில் என் தோளுக்குக் கீழே தோலைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை வைக்கப்போகிறார்கள். நெஞ்சு தாறுமாறாக ஓடினால் அதுவே மின்சாரம் பாய்ச்சி நேராக்குமாம். “வலிக்குமா டாக்டர்?” என்று கேட்டேன். “நெஞ்சுல யாரோ ஓங்கி ஒதைச்ச மாதிரி இருக்கும்” என்றார். ஒளிக்காமல் சொன்னது நல்லதுதான். ஆனால் இப்போது இரண்டு பயம். அது உதைக்குமோ என்று ஒன்று, உதைக்க மறந்துவிடுமோ என்று இன்னொன்று.

பக்கத்துப் படுக்கை அம்மா தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்கா


ஈப்போ
29 செப்டம்பர் 2024

அக்கா,

இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உன் இரத்தத்தில் கண்ட பிழை என் இரத்தத்தில் இல்லை. அன்று நான் விழுந்தது காய்ச்சலாலும், வெறும் வயிற்றாலும், மூச்சை அடக்கியதாலும்தான். நான் விளையாடலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

சார் அதைப் படித்துவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னிடம் இருப்பது என்னிடம் இல்லை. நாம் மூன்று பேர் பிறந்தோம், அது என்னை மட்டும் விட்டுவிட்டது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

முதல் நாள் பயிற்சி அறைக்குப் போனேன். எனக்கு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து திட்டம், வெறும் தண்டுதான். அதைத் தோளில் வைத்தேன். உட்கார்ந்தேன், எழ முடியவில்லை. பளுவே இல்லை அக்கா, பயம்தான். சார் பின்னால் வந்து தண்டைப் பிடித்துக்கொண்டார். “போதும். இன்னிக்கு இதான் திட்டம்” என்றார்.

பந்தைத் தொடவே பிடிக்கவில்லை. நீ மேட்டில் ஏறக்கூடாது, பெட்டி தூக்கக்கூடாது என்கிறார்கள். நான் மட்டும் எப்படி ஓட? விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். முதலில் நீயும் அதைத்தானே கேட்டாய்.

புவனேஸ்


கியா பார்ம்
19 ஜனவரி 2025

அன்புத் தம்பி புவனேஸ்,

வியாழக்கிழமை துளசி உன்னை அழைத்து போனை என்னிடம் கொடுத்தபோது, உன் குரலைக் கேட்டதும் என்னால் அழத்தான் முடிந்தது. நீ பயந்துபோய்க் கத்தியதெல்லாம் கேட்டது. என்ன நடந்தது என்று இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

தவுக்கே என்னை இப்போது கடையில் எடை போடத்தான் வைத்திருக்கிறார். சிங்கப்பூர்க்காரக் குடும்பம் ஒன்றுக்கு ஸ்ட்ராபெரி நிறுத்துக்கொண்டிருந்தேன். நான் ஓடவும் இல்லை, எதையும் தூக்கவும் இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ வழுக்கியது போல இருந்தது. தராசு முள் மங்கலானது. குகன் சொன்ன இருட்டு இதுதான் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. கல்லாவைப் பிடிக்கக் கையை நீட்டினேன், கை போகவில்லை.

அப்போது அது உதைத்தது.

டாக்டர் சொன்னதைவிட மோசம் தம்பி. நான் கத்தினேனாம். விழித்தபோது பழமெல்லாம் தரையில் சிதறிக் கிடந்தது. “அக்கா, என்னப் பாரு, என்னப் பாரு” என்று துளசி அழுதுகொண்டிருந்தாள். “பாத்துக்கிட்டுதான்லா இருக்கேன்” என்றேன். அவள் அடித்தாள்.

மறுநாள், உன்னைப் பதற வைக்க வேண்டாம் என்று சொல்லாமலேயே போனேன், ஈப்போவில் அந்தப் பெட்டிக்குள் பதிவானதைப் படித்துப் பார்த்தார்கள். டாக்டர் அம்மா கோட்டில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஒரே சீராக ஓடிவந்த கோடு அங்கே கிறுக்கினது மாதிரி ஆகியிருந்தது. “பெட்டி இல்லாட்டி நீங்க இங்க போயிருப்பீங்க” என்றார். அந்த இடத்துக்குப் பிறகு கோடு மறுபடியும் ஒழுங்காக ஓடுகிறது. அதற்குப் பிறகு வந்த கோடுதான் நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பது.

அன்றைக்கு ராத்திரியெல்லாம் யோசித்தேன். நான் கேட்டபடி நீ போன வருஷமே இரும்பை விட்டிருந்தால் உனக்குக் கண் இருட்டியிருக்காது. உன்னை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கமாட்டார்கள். என்னையும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஒரு தட்டு ஸ்ட்ராபெரியோடு முடிந்துபோயிருப்பேன், வெறும் வயிறு என்று சொல்லிப் புதைத்திருப்பார்கள்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. மறுபடி எப்போது உதைக்குமோ என்று குளிக்கும்போதுகூடக் கதவைத் தாழ் போடுவதில்லை. தராசுப் பக்கம் போக இரண்டு நாள் ஆனது. ஆனால் போனேன்.

நீ இத்தனை மாதமாகப் பாதி மனதோடு பயிற்சி செய்கிறாய் என்று பக்கிரிசாமி சார் சொன்னார். ஆமாம், அவரை மறுபடியும் நான்தான் அழைத்தேன், கோபப்படு. பிப்ரவரி முதல் சனிக்கிழமை உனக்கு ஆட்டம் இருக்கிறது என்றும் சொன்னார். என்னால் ஓட முடியாது என்பதற்காக நீ உட்கார்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும்? நீ ஒருநாளும் விளையாடவே வேண்டாம் என்றுகூடத் தோன்றுகிறது எனக்கு, அவ்வளவு பயம். அப்படியும் சொல்கிறேன், விளையாடு.

அம்மாவும் நானும் பஸ்ஸில் வருகிறோம். குகன் போனதிலிருந்து அம்மா திடல் பக்கமே போனதில்லை என்று உனக்குத் தெரியும். வருகிறேன், ஆனால் ஆட்டம் முடியும் வரைக்கும் கண்ணை மூடிக்கொள்வேன் என்கிறாள்.

நான் பார்ப்பேன்.

அக்கா
திலகம்